கேளாமல் இறக்கிய கூரை

சாலமோன் அத்தானைப் போன வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். விஷக்காய்ச்சல். அடக்க ஆராதனையில் பேசிய உபதேசியார், அவர் பனையேறி என்றும், ஒழுங்காகக் கோவிலுக்கு வந்தவர் என்றும், என் அக்கா பாக்கியவதிக்கு நல்ல கணவராக இருந்தார் என்றும் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் கோவில் மணி நிற்காமல் அடித்த நாள்களில் ஊர் யாருடைய முகத்தைத் தேடியது என்பது அந்தப் பேச்சில் வரவில்லை. உபதேசியார் ஊருக்குப் புதியவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

எங்கள் பெத்தானியாவிளை உடன்குடிக்கு மேற்கே தேரி என்னும் செம்மணல் மேட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோவிலைத் தவிர எல்லாமே பனையோலைக் கூரை. பதநீர் இறங்கும் மாதங்கள்தான் மழையற்ற மாதங்கள், காற்றடிக்கும் மாதங்களும் அவையே. ஒவ்வொரு தோட்டத்திலும் பதநீர் காய்ச்சுகிற விடிலி என்ற குடிசை ஒன்று இருக்கும். அடுப்பில் எரிவதும் காய்ந்த ஓலை, மேலே வேய்ந்திருப்பதும் காய்ந்த ஓலை. ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். கிணறுகள் ஆழமானவை. ஒரு பானை மேலே வருவதற்குள் ஒரு வீடு எரிந்து முடிந்திருக்கும்.

ஆகவே எரிகிற வீட்டை யாரும் அணைக்கப் போவதில்லை. காற்று போகிற திசையில் இன்னும் தீப்பிடிக்காத வீடு எதுவோ அதன்மேல் ஏறி, நார்க்கட்டுகளைப் பனையேறிகளின் பாளை அருவாளால் அறுத்து, கூரையைக் கயிறு கட்டிக் கீழே இழுத்துப் போடுவார்கள். விழுந்த ஓலையில் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி நனைப்பார்கள். தீ அந்த இடைவெளிக்கு வந்து, தின்ன எதுவும் கிடைக்காமல் நின்றுவிடும். ஊரைக் காப்பாற்ற நல்ல வீடு ஒன்றைக் குலைக்க வேண்டும். அதுதான் வழி.

குலைக்கப்படும் வீடு ஒருவனுடையது அல்லவா? அதற்கொரு வழக்கம் இருந்தது. ஏறப்போகிறவன் வாசலில் வந்து நிற்பான். வீட்டுக்காரர் தம் கையால் ஒரு பானைத் தண்ணீரை அவன் தலையில் ஊற்ற வேண்டும். அனலில் நிற்கப் போகிறவனுக்கு அது காவல். அதோடு, என் கூரையை இறக்கிக்கொள் என்ற சம்மதமும் அதுவே. ஊற்றிவிட்டால் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து புதிதாக வேய்ந்து கொடுப்பார்கள்.

மணி அடித்தால் முதலில் ஏறுகிறவர் அத்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் ஏறினார், பிறகு எல்லாரும் அவர் வரட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, தலையைக் குனிந்து உட்கார வேண்டிய மாப்பிள்ளை அண்ணாந்து எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஒழுகுமா என்று பார்க்கிறார் போலும் என அம்மாவுக்கு ஒரே கூச்சம். "கட்டு எங்கன விழுந்திருக்குன்னு பாத்தேன்" என்று பின்னால் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். "என்னையப் பாத்தியளா இல்லியா?" என்று அக்கா கேட்டாளாம். "பாத்தேன். கூரைக்குப் பெறகு" என்றாராம்.

முழங்கை வரை தீப்பட்ட தழும்பு. அதிகம் பேச மாட்டார். தீ அணைந்த நாளில் சாப்பிட மாட்டார். யார் வீட்டுக் கூரையை இறக்கினாரோ அந்த வீட்டில் ஓலை ஏறி முடியும்வரை, தம் வேலையை முடித்துவிட்டு அங்கே போய் நிற்பார்.

அந்தத் தீ வந்தது, தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் பேச்சு சூடாக இருந்த வருடம், சித்திரையில். நான் கல்லூரி விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். உச்சிப்பொழுதை நெருங்கும் நேரத்தில் மணி அடித்தது. மேற்கே ஒரு விடிலி பற்றி, அதை ஒட்டியிருந்த இரண்டு வீடுகளிலும் பிடித்துவிட்டது. காற்று மேற்கிலிருந்து. கிழக்கே முதலில் நிற்பது கருப்பட்டி வியாபாரி ஜெபகனியின் பெரிய வீடு. அதைத் தாண்டினால் ஒன்றோடொன்று ஒட்டிய சிறு வீடுகள், தெரு முழுக்க.

அத்தான் ஜெபகனி வீட்டு வாசலில் போய் நின்றார். நாங்கள் சிலர் கயிறுகளோடு பின்னால் நின்றோம். ஜெபகனியின் மனைவி ஞானசௌந்தரி இடுப்பில் பிள்ளையும் கையில் நிறைந்த பானையுமாக வாசலில் நின்றிருந்தாள்.

"ஜெபகனி எங்க?" என்றார் அத்தான்.

"சந்தைக்குப் போயிருக்காவ" என்றாள்.

"சை, வீட்ல ஆளில்லாமப் போச்சே" என்று எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். காற்றில் பொறிகள் பறந்துகொண்டிருந்தன. சட்டென்று அவள் கையிலிருந்த பானையை வாங்கித் தம் தலையில் தாமே கவிழ்த்துக்கொண்டு ஏறிவிட்டார்.

எங்களில் ஒருவருக்கும் அது விபரீதமாகத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் இல்லை, வேறு என்ன செய்வது என்றே நினைத்தோம்.

ஒரு பக்கத்துக் கட்டுகள் அறுந்து ஓலை சரியும்போது காற்று தளர்ந்தது. மறுபக்கம் அறுக்கும்போது நின்றேவிட்டது. முழுக் கூரையையும் இழுத்துப் போட்டு, ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் அதன்மேல் ஊற்றி முடித்தபோது கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தது. தீ, வந்த வழியே திரும்பி, ஏற்கெனவே எரிந்த இடத்தில் சுற்றி, மணலில் அவிந்துபோனது. ஜெபகனியின் சுவரில் கரிகூடப் படவில்லை.

ஆனால் அடுப்படிப் பரணில் விலை ஏறட்டும் என்று அவர் அடுக்கி வைத்திருந்த கருப்பட்டிச் சிப்பங்கள் கூரையோடு கீழே வந்திருந்தன. நாங்கள் ஊற்றிய தண்ணீர் அத்தனையும் அவற்றின்மேல். கருப்பட்டி கரைந்து முற்றத்தில் கறுப்பாக ஓடியது. தெருப்பிள்ளைகள் உட்கார்ந்து தொட்டு நக்கின. அதை யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் ஜெபகனி வண்டியில் வந்து இறங்கினார். வெறும் சுவரைப் பார்த்தார். மேற்கே புகைகிற இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே நல்லபடியாக நிற்கிற வேலியையும் பார்த்தார்.

"தீ எங்க வே?" என்றார்.

"வரல்ல" என்றார் அத்தான்.

"பெறகு?"

"வரும்னுதான் ஏறினேன்."

"யாரு தண்ணி ஊத்தினா?"

அத்தான் வாசலில் கிடந்த வெறும் பானையைப் பார்த்தார். ஜெபகனி வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஊரார் ஓலைக்கட்டுகளோடு போனபோது வாசலை மறித்து நின்றார். "ஒரு ஓலையும் ஏறப்படாது. கோர்ட்டு வந்து பாக்கட்டும்" என்றார். ஞானசௌந்தரி கோரைப்பாய்களைக் கட்டி, அதன் நிழலில் சமைக்கத் தொடங்கினாள்.

சம்மன் வந்தது. அத்துமீறி நுழைந்து சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக ஸ்ரீவைகுண்டம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. நேரமும் கெட்ட நேரம். பங்குனி முதலில்தான் திருநெல்வேலியில் கலகம் மூண்டு சர்க்கார் கட்டடங்கள் எரிந்திருந்தன. கூட்டமாக ஒரு வீட்டில் ஏறினார்கள் என்றாலே அதிகாரிகள் முகம் சுளிக்கிற காலம்.

அத்தானோடு ஏறுகிறவர்களில் தேவசிகாமணி என்று ஒருவர், வாய்த்துடுக்குக்காரர். "இனி இடுப்புல ஒரு பக்கம் அருவாளு, இன்னொரு பக்கம் ஒரு வக்கீலு, ரெண்டையும் சொருவிக்கிட்டு ஏறணும் வே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வைகாசியில் நின்றது. தெற்குத் தெருவில் ஒரு மாட்டுத் தொழுவம் பற்றியது. மணி அடித்தது, ஆட்கள் வந்தார்கள், அருவாளும் கொண்டுவந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி தங்கத்தாய் பானையோடு வெளியே வந்து, "ஏறுங்கலே! ஏம்லே மரமாட்டம் நிக்கிய?" என்று கத்தினாள். தேவசிகாமணி அத்தானைப் பார்த்தார். அத்தானுக்கு வக்கீலின் கண்டிப்பான உத்தரவு, வழக்கு முடியும்வரை எந்தக் கூரையையும் தொடக்கூடாது என்று. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒம் புருசன் எங்க?" என்று தேவசிகாமணி தங்கத்தாயிடம் கேட்டார்.

"கடற்கரைக்குக் கருவாடு எடுக்கப் போயிருக்காரு."

"அவரு வந்து கேஸு போட்டா?"

"நான் சொல்லுதேன்லா! ஏறு!"

அவர் ஏறவில்லை. தங்கத்தாய் வீடும் அதை அடுத்த குடிசையும் எரிந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை. தங்கத்தாய் பானைத் தண்ணீரை நடுத்தெருவில் ஊற்றிவிட்டு வெறும் பானையோடு நின்றாள். அத்தான் அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அக்கா சோற்றை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து அழுதாள்.

வக்கீல் திருஞானசம்பந்தம் பிள்ளை ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்குப் போகிற தெருவில் இருந்தார். நானும் அத்தானும் போயிருந்தோம். பிள்ளை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தண்டனைச் சட்டத்துல உம்ம கதையை அப்படியே எழுதி வச்சிருக்கான் வெள்ளைக்காரன். பெருந்தீ பிடிக்குது. தீ பரவாம இருக்க ஒருத்தன் வீட்டை இடிக்கான். உயிரையோ உடைமையையோ காப்பாத்தணும்ங்கிற நல்லெண்ணத்தோட இடிச்சிருந்தா குத்தமில்லை. நீரு சொல்ல வேண்டியது ஒண்ணுதான். தீ வரும்னு நம்பினேன். அவ்வளவுதான். தண்ணி, பானை, வழக்கம், இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

"கேக்காம ஏறினேனே ஐயா."

"சட்டத்துக்குக் கேக்க வேண்டாம்."

"ஊருக்கு வேணுமே."

"ஊரா வந்து உம்ம ஜெயில்ல இருந்து எடுக்கும்?" என்று பிள்ளை சிரித்தார். கெட்டவர் அல்ல. கட்டணத்தைக்கூட நெருக்கிக் கேட்காதவர்.

திரும்பும் வழியில் ஆற்றில் இறங்கிக் கால் நனைத்தோம். தாமிரபரணியில் கோடையிலும் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தண்ணீர் நம் ஊர்ப் பக்கமாக ஓடியிருந்தால் என்று நினைக்கிறார் போலும் என எண்ணினேன். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நான் ஜெயிலுக்குப் போனா இனி ஒருத்தனும் ஏற மாட்டான். தெற்குத் தெருவில பாத்தோம்லா" என்றார். "கேக்கவே வேண்டாம்னு சொல்லி என்னைய விட்டுட்டான்னு வையி, நாளைக்கு எவனும் எவன் வீட்டு மேலயும் ஏறலாம். பகை இருக்கிறவன் தீயைச் சாக்கு வச்சே ஏறுவான். ரெண்டுல எது நடந்தாலும் ஊருக்குக் கெடுதல்தான்."

"முதலில் நீங்கள் வெளியே வர வேண்டும் அத்தான்" என்றேன் நான். படித்தவன் சொல்கிற புத்தி அது. இப்போதும் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

விசாரணையன்று கோர்ட்டு முற்றத்தில் எங்கள் ஊர் பாதி வந்திருந்தது. ஜெபகனி தம் வாக்குமூலத்தைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பிறகு அவர் பக்கத்துச் சாட்சியாக ஞானசௌந்தரியைக் கூப்பிட்டார்கள். வேதபுத்தகத்தைத் தொட்டுவிட்டுக் கூண்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவள் கோர்ட்டைப் பார்ப்பது அதுதான் முதல்முறை.

எங்கள் வக்கீல் பிள்ளை எழுந்து மிக மரியாதையாகக் கேட்டார்.

"தீயைப் பாத்தியா அம்மா?"

"பாத்தேன்."

"பயந்தியா?"

"பயப்படாம? பிள்ள இடுப்புல இருந்துச்சு."

"கூரையை இறக்கலேன்னா என்ன ஆகும்னு நெனச்சே?"

அவள் கணவரைப் பார்த்தாள். "இறக்கித்தான் ஆகணும்னு நெனச்சேன்" என்றாள்.

ஜெபகனியின் முகம் சுருங்கியது. பிள்ளை அத்துடன் உட்கார்ந்திருக்கலாம். வெற்றி கையில் இருக்கும்போது இன்னும் ஒன்று கேட்கத் தோன்றும் போலும்.

"அப்போ ஒனக்குச் சம்மதம்தான்?"

"என்னைய ஆரு கேட்டா?" என்றாள் ஞானசௌந்தரி. அதுவரை தாழ்ந்திருந்த குரல் உயர்ந்துவிட்டது. "பானையைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் நிக்கேன். என் மூஞ்சிக்கு நேரா நின்னு, வீட்ல ஆளில்லைங்காவ. நான் ஆளு இல்லியா? கேட்டிருந்தா நானே ஊத்தியிருப்பேன். ஊத்திட்டு, மொதல்ல பரணில இருக்க சிப்பத்த எடுத்து வெளிய போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அத்தனை ஆம்பளைய நின்னாவ. கண்ணமூடித் தொறக்குமுன்ன எடுத்திருக்கலாம். எங்க கருப்பட்டி தீயில போகல்ல எசமான். கேக்காததுல போச்சு."

முற்றத்தில் நின்றவர்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடியது. சேவகன் அதட்டினான். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்று வாசலில் பார்க்காத விதமாக.

மாஜிஸ்திரேட் அவரைக் கேட்டார்: "உங்கள் ஊரில் பிற்பகலில் கடற்காற்று வரும் என்பது உனக்குத் தெரியாதா?"

"வரும்னு தெரியும் எசமான். எப்ப வரும்னு தெரியாது."

"காற்று நின்றதும் நீ ஏன் நிறுத்தவில்லை?"

"ஒரு பக்கக் கட்டை அறுத்தாச்சு. இன்னொரு பக்கம் தானா நிக்காது. கீழ ஆளுக நின்னாவ, தலையில விழும்."

"வேறு சொல்ல வேண்டியது உண்டா?"

பிள்ளை வேண்டாம் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். அத்தான் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"கூரையை இறக்கினது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணல்ல. கேக்காம இறக்கினது தப்பு. வீட்ல ஆளில்லைன்னு நெனச்சேன். ஆளு இருந்துது. அந்தத் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. அதுக்குத் தண்டனை உண்டுன்னா நான் வாங்கிக்கிடுதேன்."

பிள்ளை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. தீயின் ஆபத்து மெய்யானது. காரியம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. ஆகவே குற்றமில்லை. தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பற்றி இந்தக் கோர்ட்டு சொல்வதற்கு ஒன்றுமில்லை, அதை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் தேவசிகாமணி அத்தானைக் கட்டிப்பிடித்தார். அத்தான் பைய விலகி, வேப்பமரத்தடியில் நின்ற ஜெபகனியிடம் போனார். சண்டை வருமோ என்று நானும் பின்னால் போனேன். அவர் ஜெபகனியைத் தாண்டி, பின்னால் நின்றவளிடம் கேட்டார்:

"தங்கச்சி, ஓலை எப்பக் கொண்டு வரலாம்?"

"எங்கிட்டக் கேளும்வே" என்றார் ஜெபகனி.

"எங்கிட்டத்தான கேக்காவ" என்றாள் அவள். "நாளைக்கே கொண்டு வாங்க அண்ணாச்சி. மழை வந்தா பாய் தாங்காது."

ஜெபகனி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வண்டி பூட்டப் போய்விட்டார்.

ஓலை ஏறிய நாளில் ஊர் முழுவதும் அங்கே இருந்தது. தங்கத்தாய் தன் வீடே எரிந்துபோயிருந்தும் ஒரு கட்டு கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டுத் தேவசிகாமணியைப் பார்த்து, "அடுத்தது என் வீடு. அதுக்கும் கேஸு வருமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்காதேயும்" என்றாள். அவர் ஏறினார். வாய்த்துடுக்கு அடங்கி நான் கண்டது அன்று ஒருமுறைதான்.

ஞானசௌந்தரி கீழே நின்று வேலை வாங்கினாள். அடுப்படிக்கும் பரணுக்கும் மேலே தனிக் கூரை வேண்டும், அதற்குத் தனிக் கட்டு வேண்டும், பெரிய கூரையை இறக்கினாலும் அது நிற்க வேண்டும் என்றாள்.

"வீட்டுக்குக் கூன் விழுந்தாப்பில இருக்குமே தாயி" என்றார் மேலேயிருந்து ஒருவர்.

"விழட்டும். கூனுக்கடியில கருப்பட்டி நனையாது."

அத்தான் யோசித்தார். சரி என்று முகட்டை இரண்டாகப் பிரித்துக் கட்டினார். பிற்பாடு எங்கள் ஊரில் கருப்பட்டி வைத்திருந்த வீடுகள் பலவும் அப்படிக் கூன் விழுந்து நின்றன. வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். தீ வந்தால் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக்கொள்வது என்றும் ஆயிற்று. இதைப் பற்றிக் கூட்டம் போட்டு யாரும் தீர்மானிக்கவில்லை. ஆனியில் மணி அடித்தபோது அத்தான் ஒரு வாசலில் நின்று, உள்ளே இருந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஓலை ஏறிய அன்று ஜெபகனி கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தானோடு பேசவில்லை. ஓலையை நீட்டுவார், அத்தான் வாங்குவார், இருவர் கண்ணும் வேறு பக்கம் இருக்கும். கடைசிக் கட்டை அத்தான் முறுக்கி இறுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"ரொம்ப இறுக்காதேயும் வே. அவசரத்துக்கு அறுக்க வரணும்."

"தளர விட்டா மேல்காத்து தூக்கிட்டுப் போயிரும்."

"அப்ப ஒம்ம இஷ்டத்துக்கு இறுக்கும். எங்கிட்ட எதுக்குக் கேக்குதீரு?"

"நான் கேக்கலியே. நீருதான் சொன்னீரு."

ஜெபகனி அடுத்த ஓலையை எடுத்து நீட்டினார். அதற்கப்புறமும் அவர்கள் நண்பர்களாகவில்லை. கோவிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஆளுக்கொரு வழியாக வெளியே போனார்கள். போன வெள்ளிக்கிழமை ஜெபகனி சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார். தோள் மாற்ற நான் போனபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

அந்தக் கூரையை அறுக்க வேண்டிய நாள் அத்தான் இருந்தவரை வரவில்லை.